சொன்னவர் யார்?

எங்கள் வாய்க்கால் மதகைத் திறக்கும் லஸ்கர், காக்கிச்சட்டையும் இடுப்பில் மதகுச்சாவியுமாகச் சைக்கிளில் வருவார். எதைச் சொன்னாலும் ‘வருமாம்’, ‘போகுமாம்’ என்று கடைசியில் ஓர் ‘ஆம்’ ஒட்டிவிடுவார்.

நான் பள்ளியில் ஆங்கில இலக்கணத்தில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் நடத்துகிறவன். சொன்னவர் யார் என்று எழுதாவிட்டால் மதிப்பெண் தரமாட்டேன். அதனால் அவர்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

என் நாற்றங்கால் வெடித்துக் கிடந்த அன்று வந்தார்.

“நாளைக்குத் தண்ணி விடுவாங்களாம் சார்.”

“யாருங்க விடுவாங்க?”

“நான்தான்.”

“உங்களை விடச்சொல்லி யாரு சொன்னாங்க?”

சாவியைத் தடவிக்கொண்டார். “இன்னும் யாரும் சொல்லலையாம் சார்.”

மறுநாள் தண்ணீர் வந்தது. யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று அதிகாரி அதட்டியதற்கு, “வாத்தியார் சொன்னார்” என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.