மலைச் சரிவில் அரை ஏக்கர்

1. மூட்டைகளுக்கு நடுவே

1957 ஜூன் 3, திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பது. மூன்றாவது நாளாக விடாத மழை. இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைத்தெருவில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. காதர் முதலாளியின் அரிசிக் கிடங்கில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வந்த பிள்ளைகள் 51 பேர், வராதவர்கள் 12. மூட்டைகள் 84.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வட்டார வித்தியாதிகாரி உள்ளே வந்தார். குடையை மடக்கியபடி மூட்டைகளைப் பார்த்தார்.

"மாஸ்டர், இது பள்ளிக்கூடமா, கடையா?"

"பள்ளிக்கூடந்தாங்க. சாமான் வர்றப்ப கொஞ்சம் நெருக்கமாயிரும்."

அவர் சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார இடமில்லாமல் மூட்டை மேல் இருந்த இரண்டு பிள்ளைகளை இறங்கச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: சொந்தக் காணி அரை ஏக்கர் வேண்டும், சர்வே படத்தோடு. டிசம்பர் கடைசிக்குள் காட்டினால் பள்ளிக்கூடத்துக்குப் பதிவு. இல்லாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது.

எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வைக்கத்தான் தொழிலாளிகளும் கடைக்காரர்களும் மாதச் சந்தா போட்டு இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். தோட்டத்துக்கும் சொந்தமில்லை, அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை. ஆறு வருஷத்தில் நான்கு இடம் மாறியிருந்தோம். ஒவ்வொரு முறையும் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். ஒன்பது பேரும் கொழுந்துக்கூடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் அன்று பிடித்தது.

2. ஏழு காணிகள்

ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் ஏழு இடங்களைப் பார்த்தேன். ஒன்று ஆற்றோரம்; போன வெள்ளத்தின் சேறு வேலிக் கம்பியில் அப்படியே காய்ந்திருந்தது. ஒன்று சாராயத் தவறணையிலிருந்து 23 எட்டு நடை. ஒன்றுக்கு உரிமைக்காரர்கள் பதினாறு பேர், அதில் மூன்று பேர் இந்தியாவில். தோட்டத்துத் துரையிடம் போனோம். "கம்பெனி நிலம், நான் கொடுக்க முடியாது" என்று நல்லபடியாகவே சொல்லி, தேநீரும் கொடுத்து அனுப்பினார்.

ஏழாவது, காதர் முதலாளியே கொடுத்தது. ரோட்டுக்கு மேலே அவருக்கு ஒரு தேயிலைக் காணி இருந்தது.

"அரை ஏக்கர் எடுத்துக்கங்க மாஸ்டர், காசு வேணாம். எனக்கும் கிடங்கு திரும்பக் கெடைச்சிரும்ல. நீங்களே அளந்து எல்லைக்குக் குத்தி அடிச்சிருங்க. மிச்சத்த நான் வித்துக்கிறேன்."

கண்டியிலிருந்து சர்வேயரை முதலிலேயே வரவழைத்திருக்க வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்கலாம், படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான்.

3. கயிறும் செடியும்

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் பெரியசாமி கங்காணி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. ரோட்டோரமாக 132 அடி. அங்கிருந்து மேட்டைப் பார்த்து 165 அடி. பெருக்கினால் 21,780 சதுர அடி, சரியாக அரை ஏக்கர். நான்கு மூலையிலும் மரக்குத்தி அடித்தோம்.

கங்காணிக்குக் கயிற்றில் நம்பிக்கை கிடையாது.

"ஏக்கருக்கு மூவாயிரம் செடிங்க. கவ்வாத்து வெட்டுறதுக்கு ஆள் விடுறதே செடிய எண்ணித்தானே. எண்ணிப் பாத்துருங்க வாத்தியாரே, சந்தேகம் வேணாம்."

எண்ணினேன். 1,512 செடி. மனம் கேட்காமல் மறுநாளும் எண்ணினேன். 1,509. கயிறும் செடியும் ஒத்துப்போனதில் கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த மூன்று செடி எங்கே போனது என்று மூன்று நாள் மனம் ஆறவில்லை. கங்காணி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆடு தின்னிருக்கும், விடுங்க" என்றார்.

ஆகஸ்டில், நான் அடித்த குத்திகளை எல்லையாகக் காட்டிப் பத்திரம் எழுதினோம். அதே மாதம் குத்திக்கு மேலே இருந்த மிச்சக் காணியைக் காதர் முதலாளி பேக்கரிக்காரப் பண்டா முதலாளிக்கு விற்றார்.

4. சர்வேயர்

நவம்பரில் சர்வேயர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு. காலை முழுவதும் கருவியை வைத்துப் பார்த்தார். பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், இது அறுபத்தொன்பது பேர்ச்தான் வருது."

அரை ஏக்கர் என்றால் எண்பது பேர்ச். கயிற்றுக் கணக்கைச் சொன்னேன், செடிக் கணக்கைச் சொன்னேன், இரண்டு முறை எண்ணியதையும் சொன்னேன்.

"நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள்?"

"கணக்கு."

அவர் என் கையிலிருந்த கொப்பியை வாங்கினார். விரித்து, மலை மாதிரிச் சாய்த்துப் பிடித்தார்.

"உச்சி வெயிலிலை இதின்ரை நிழல் கீழை எவ்வளவு அகலத்துக்கு விழும்? கொப்பியளவு விழாதெல்லோ. அந்த நிழல்தான் காணி. நீங்கள் சாய்விலை கயிறு பிடிச்சிருக்கிறியள். செடியும் சாய்விலைதான் நிக்குது. அதுதான் ரெண்டும் ஒத்துப்போச்சு."

மேட்டுக்கு நான் 165 அடி என்று பிடித்தது அவர் கணக்கில் 142 அடி சொச்சம். பதினோரு பேர்ச் மலைச் சரிவில் போய்விட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் அந்த ஆறு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்தவன் நான். மூன்று செடிக்காகக் கவலைப்பட்டவனுக்கு இது தோன்றவில்லை.

காதர் முதலாளி கேள்விப்பட்டு, "அரிசிய நானே படிய நேரா வச்சுத்தானே அளக்கிறேன், மாஸ்டர்!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவரிடம் கொடுக்க இனி நிலம் இல்லை.

5. பண்டா முதலாளி

கமிட்டி கூடியது. "ஆளுக்கு ரெண்டு ரூவா போட்டுப் பாப்போம்" என்றார் கங்காணி. தீபாவளி முன்பணத்தையே இன்னும் கழித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. கயிறு பிடித்தவன் நான், சர்வேயர் வேண்டாம் என்றவனும் நான், ஆகவே இது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள், குறைந்த பதினோரு பேர்ச்சைக் கேட்கப் பேக்கரிக்குப் போனேன். பண்டா முதலாளி மாவுக் கையோடு வந்தார். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் பள்ளிக்கூட ஐயா என்று கூப்பிட்டது மட்டும் சிங்களத்தில், மற்றபடி தமிழிலேயே பதில் சொன்னார்.

"இஸ்கோலே மஹத்தயா, நான் காசு குடுத்துத்தானே வாங்கினது. சும்மா குடுக்க ஏலாது."

"சும்மா கேக்கலீங்க முதலாளி. வெல சொல்லுங்க."

அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அதற்குள் தட்டிலிருந்த பாண் ரொட்டியை எண்ணி முடித்துவிட்டேன். நாற்பத்தெட்டு.

"வாங்கின வெலைக்கே எடுங்க. லாபம் வேணாம். எங்க மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்க. ஆனா கயித்துக் கணக்கு வேணாம்!"

பேக்கரியில் வேலை செய்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. அந்தப் பெண்பிள்ளை ஜனவரியில் எங்களிடம் சேர்ந்தாள்.

டிசம்பர் 19ஆம் திகதி எண்பது பேர்ச்சுக்கும் படம் கைக்கு வந்தது. 27ஆம் திகதி பதிவு கிடைத்தது. ஒன்பது பேரும் சோதனை எழுதினார்கள், ஏழு பேர் தேறினார்கள். அந்தக் காணியில் கட்டடம் எழும்ப இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதுவரை தகரக் கொட்டகையில் நடத்தினோம். ஆனால் எங்களை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் கட்டப்போகும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்வது இதுதான். மலையில் காணி வாங்கினால் முதலில் சர்வேயரைக் கூப்பிடுங்கள், பிறகு குத்தி அடியுங்கள். இரண்டு கணக்கு ஒத்துப்போவதால் இரண்டும் சரி என்று ஆகாது. ஒரே பிழையிலிருந்தும் இரண்டு கணக்குப் பிறக்கும்.

அப்போது என் மாதச் சம்பளம் எழுபது ரூபாய். பதினோரு பேர்ச் நிலத்துக்கு நானூற்று நாற்பது, சர்வேயர் இரண்டாம் முறை வந்ததற்கு முப்பத்தைந்து, பத்திரத்துக்கும் முத்திரைக்கும் இருபத்தேழரை. என் தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தது, ஆகமொத்தம் ஐந்நூற்றிரண்டு ரூபாய் ஐம்பது சதம்.