இடைவெளியை வெட்டிய பாட்டு

இங்கே வியட்நாமில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தோன் டுக் தாங் தெருக் கோயிலில் பஜனை பாடுவோம். ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவோம். அடியெடுத்துப் பாடிவந்த ஆச்சி மகனோடு இருக்க சிங்கப்பூர் போய்விட்டார். அவரை விட்டால் எல்லாப் பாட்டும் முழுதாகத் தெரிந்தவள் நான்தான். ஆனால் நாலு பேர் முன்னால் தனியாகப் பாட எனக்குக் கூச்சம். பஜனை நின்றது. கற்பூரம் காட்டியதும் கலைந்துவிடுவோம்.

"இப்படியே போனா அவுகவுக வீட்டோட இருந்துருவாக," என்றார், கோயில் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்ளும் செட்டியார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. கணவருக்கு வுங் டாவ் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பலில் வேலை. அவர் இல்லாத நாட்களில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அந்தக் கோயிலில்தான். வீட்டிலேயே தனியாகப் பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் என்ன?

நாங்கள் குடியிருக்கும் கான் ஹொய் பகுதியில் எதிர்வீட்டுப் பெண் கல்யாணங்களுக்குக் கரோக்கே இசை செய்து கொடுப்பவள். கேட்டதும் என் பழைய லேப்டாப்பில் ஓர் இலவச சாப்ட்வேரைப் போட்டுத் தந்தாள். என் வியட்நாமிய மொழி மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் விரலால் காட்டிக் காட்டியே சொல்லிக் கொடுத்தாள்.

முதல் நாள் உருகிப் பாடிவிட்டுப் பார்த்தால் திரையில் ஒரே நேர்க்கோடு. மைக்கைத் தேர்ந்தெடுக்க மறந்திருக்கிறேன். அடுத்த முறை தாளத்துக்காகப் போட்ட டிக் டிக் சத்தமும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மோட்டார் பைக் சத்தம் வராமல் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பஜனைப் பழக்கத்தில் அடிக்கு அடி நிறுத்தி மறுபடி பாடினேன்.

"சி, குரல் இருக்கும் இடம் மலை மாதிரி தெரிகிறதா? நேர்க்கோடெல்லாம் வெற்றிடம். வெட்டிவிடு. இல்லாவிட்டால் கேட்பவர்களுக்கு அலுப்பு வரும்," என்று பாதி சொல்லிலும் பாதி சைகையிலுமாகச் சொன்னாள் எதிர்வீட்டுப் பெண். சி என்றால் அக்கா.

வெட்டி ஒட்டும் வேலை எனக்குப் பிடித்துப்போனது. தவறாக வெட்டினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் பழையபடி வந்துவிடுகிறது. காய் நறுக்கும்போது இந்த வசதி இல்லை.

"வீட்லயே ரெக்கார்டிங் தியேட்டர் வச்சிட்டியா?" என்று கணவர் போனில் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வந்தா சோறு உண்டா, டிக்கெட் எடுக்கணுமா?"

வெள்ளிக்கிழமை செட்டியார் பாட்டைப் போட்டார். முதல் அடி முடிந்தது. எல்லோரும் திருப்பிப் பாட வாயெடுப்பதற்குள் என் குரல் இரண்டாம் அடிக்குப் போய்விட்டது. துரத்திப் பார்த்தார்கள். அது மூன்றாம் அடியில் இருந்தது. வெற்றிடம் என்று நான் வெட்டி எறிந்ததெல்லாம் இவர்கள் பாட வேண்டிய இடம்.

"என்ன தங்கச்சி, எக்ஸ்பிரஸ் மாதிரில ஓடுது! ஒரு ஸ்டேஷன்லயாவது நிப்பாட்டுனாத்தானே நாங்க ஏற முடியும்?" என்றார் செட்டியார். கோயிலே சிரித்தது. முகம் சுட்டாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அடுத்த வாரம் நிறுத்திக் கொண்டாரேண்ணே."

வீட்டுக்கு வந்து வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். என் அடியின் நீளத்துக்கே இடம் விட்டால் போதவில்லை. எங்கள் கூட்டம் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுக்கும். ஆகவே அவர்களைப் போலவே இழுத்து, மனதுக்குள் பாடிப் பார்த்து, ஒவ்வோர் இடைவெளியையும் நீட்டினேன்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு காலியா, சி?"

"அங்கே நாங்கள் பாடுவோம்."

"அப்போ இதுவும் கரோக்கேதான்," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில் என் குரல் ஓர் அடி பாடி நின்றது. பிறகு எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடினார்கள். பின்வரிசையில் நானும் அவர்களோடு பாடினேன். மூன்றாவது பாட்டுக்குள் என் குரல் நன்றாகவே எழும்பிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒயரைச் சுற்றிக்கொண்டே செட்டியார் கேட்டார்: "அடுத்த வாரத்துக்குப் புதுப் பாட்டு உண்டா தங்கச்சி?"

"உண்டுண்ணே," என்றேன்.