சாப்பிட்டால் திரும்ப முடியாத வீடு

கறுப்புப் போர்வை போட்டு மூடிய ஒரு மேசை. அல்சூரில் நான் படித்த பாலர் பள்ளியில் அதன் அடிப்பக்கம்தான் பாதாளம். தொண்ணூறுகளின் நடுவில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதை எதற்கு என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். எங்கள் மிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதையை அவர் சொல்லவும் மாட்டார், ஆட வைப்பார். பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள ராஜா தூக்கிப் போய்விடுவான். பயிர்களைக் காக்கும் அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடுவாள். ஆனால் பாதாளத்தில் ஒரு வாய் சாப்பிட்டவர்கள் முழுசாகத் திரும்ப முடியாது. மகளோ மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள்; அதனால் வருஷத்தில் சில மாதம் மட்டும்தான் அம்மாவிடம் வர முடியும். அந்த மகளாக மேசைக்கடியில் உட்கார்ந்து, அட்டைக் கிரீடம் வைத்த ராஜா நீட்டிய முத்துகளைத் தின்றது நான்.

அந்த வாரமே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை முற்றியது. அப்பா என்னை நகரத்துக்கு வெளியே, சந்தாபுராவில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். ரெண்டு நாள்தான் என்றார். பெரியவர்களின் ரெண்டு நாள் எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்; கதையில் அதற்குத் தடை இல்லை. அத்தை நல்லவள், பாவம். கெஞ்சினாள், மிரட்டினாள், கண்ணேறு பட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் நானே அழுதுகொண்டு சொன்னேன்:

"சாப்பிட்டா அம்மாகிட்டப் போக முடியாது. மிஸ் வெளையாட்டுல அப்டித்தான்."

அத்தை பயந்துபோய் பள்ளிக்குப் போன் செய்தாள். மறுநாள் மிஸ் பஸ் பிடித்து வந்தார். வந்தவர் ஒரு தட்டு கேட்டு வாங்கி, என் எதிரே தரையில் உட்கார்ந்து, ரசம் சோறு பிசைந்து முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவினார்.

"பாரும்மா, நான் சாப்ட்டேன். இப்ப எழுந்து போறேன். யாராச்சும் புடிச்சாங்களா? அது வெறும் கதைதான்."

தெருமுனை வரை நடந்து காட்டித் திரும்பி வந்தார். நம்பினேன். அவர் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டேன்.

அவர் சாயங்காலம் பஸ் ஏறிப் போனார். நான் அந்த வீட்டிலேயே வளர்ந்தேன். அம்மாவிடம் லீவுக்கு மட்டும் அனுப்பினார்கள். மிஸ் மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. கதை சொன்னதற்காக அல்ல, அது வெறும் கதை என்று சொன்னதற்காக. ஆனாலும் என் பட்டினியைப் பொருட்படுத்தி அவ்வளவு தூரம் வந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தால் கோபம் நிற்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் இதை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். நான் சாப்பிடாமல் கிடந்தது தனக்கு அப்போதே தெரியும் என்றாள்.

"அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வரலாம்னு கெளம்பி நின்னேன். 'இப்ப நல்லா சாப்பிடுறா'ன்னு உங்க அத்தை போன் பண்ணாங்க. சரி, அங்கயே இருந்துக்குவான்னு விட்டுட்டேன்."