காப்பி வாசனைக்கு ஒரு புகார்

விம்கோ நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்ன இயந்திரம் வைத்துக் காப்பிக்கொட்டை வறுக்கிறேன். கண்டெய்னர் கம்பெனியில் கணக்கு வேலையை விட்ட பிறகு ஆரம்பித்த தொழில். கொட்டை ஏற்காட்டிலிருந்து வருகிறது. ஒரு கணவனும் மனைவியும் இரண்டு ஏக்கரில் பயிரிட்டு, பழுத்ததை மட்டும் கையால் பறித்து, காயவைத்து அனுப்புகிறார்கள். வேறு தோட்டத்துக் கொட்டையை அதில் கலக்கமாட்டேன். அடையாறு பக்கத்துக் கடைகளில் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

போன வருஷம் புது அறுவடை மூட்டைகள் வந்து இறங்கிய வாரம், காலையில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வாசலில் நின்றார்.

"உங்க மேல புகார் வந்திருக்கும்மா. கருகின வாடை, புகைன்னு."

"எப்ப சார் வந்துது?"

"நேத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து அழுகின முட்டை வாடை வரும்போதெல்லாம் தெருவே சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம், போன் போட்டிருக்கிறோம். கண் எரிய எரிய ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதற்கெல்லாம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. என் காப்பிக்கு மட்டும் மறுநாளே ஆள்!

அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். இயந்திரம் சும்மா இருந்தது. ஆனாலும் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"நான் இன்னிக்கு இன்னும் வறுக்கவே இல்ல சார். இது என்ன வாடை?"

"அது வேற செக்‌ஷன்மா" என்றார். புகைக்குழாயை உயர்த்தச் சொன்னார். அதுவரை வறுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

குழாய் அடித்துக்கொடுக்க எண்ணூரில் ஒரு வெல்டரைப் பிடித்தேன். "நாளிக்கி வந்துட்றேன்கா" என்றே நாள் போனது. இங்கே கடல் காற்றில் பச்சைக்கொட்டை ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. மூட்டைகளைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிப் படுக்கையறையில் அடுக்கினேன். கட்டிலுக்குப் போக வழியில்லை என்று என் கணவர் முணுமுணுத்தார். நடுவில் ஏற்காட்டுக்காரம்மா போன் செய்து, "வறுத்துப் பாத்தீங்களா? இந்த வருஷம் எப்படியிருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புகார் கொடுத்தவர் யாரென்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர், காய்கறிப் பையோடு வந்த என்னை நிறுத்தி அவரே சொன்னார்.

"நான்தாம்மா குட்தேன். எங்கூட்ல அதுக்கு இளுப்பு. உன் பொகை வந்தா மூச்சு இஸ்துகினு கீது."

"மணலி வாடை வந்தா?"

"அதுக்கும்தான் இஸ்துக்குது. அவுங்க மேல எழுதி எழுதி கை ஓஞ்சு பூட்ச்சு. ஒர்த்தனும் வர்ல. உன் மேல போட்டா வர்வான்னு தெரியும். வந்தானா இல்லியா?"

ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி இருமுவது கேட்டது. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

ஒருவழியாகக் குழாய் ஏறியது. எதிர்வீட்டுப் பக்கம் புகை போகக்கூடாதென்றால், காற்று கடலை நோக்கி வீசும் விடிகாலையில்தான் வறுக்க வேண்டும். அதே காற்றுதான் மணலி வாடையையும் கொண்டுவருகிறது. அதனால் மோப்பம் பிடித்துப் பதம் பார்க்க முடிவதில்லை. கொட்டை வெடிக்கும் சத்தத்தை நம்பி இறக்குகிறேன்.

முதல் ஈட்டில் காப்பி போட்டுக் குடித்துப் பார்த்தபோது, அந்தக் கொட்டைக்கே உரிய பழ வாசனை மங்கியிருந்தது. ஏற்காட்டுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "எங்கூர்ல மழைதாங்க கெடுக்கும். உங்கூர்ல காத்தே கெடுக்குதா?" என்றார் அந்த அம்மா.

எதிர்வீட்டுக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தேன். மறுநாள் மாலை பெரியவரின் மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, கசாயமாட்டம் கீது? அடுத்த வாட்டி கொஞ்சம் சிக்கிரி போட்டு குடு."