சகலையின் உமி மூட்டை

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதாவது என் சகலை, பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரு பொங்கலுக்கு, தானே வீட்டில் காய்ச்சிய கோதுமை பீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். தொண்டூரில் மாமனார் வீட்டு மொட்டைமாடியில், கறிச்சோற்றுக்கு முன்னால், மாமனார் அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார்.

"சின்ன மாப்ள கைய வெச்சா எதுவும் சோடை போவாது" என்றார்.

எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. இருபது வருடமாகச் செஞ்சியிலிருந்து ஓடி ஓடி வருகிறவன் நான். அவருக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் ரேஷன் கார்டில் திருத்தம் என்றாலும் என் வண்டிதான் போகும். என் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. கிட்டே இருக்கிறவன் கிள்ளுக்கீரை.

"அடுத்த பொங்கலுக்கு என் பீர் மாமா" என்று சொல்லிவிட்டேன். எனக்கு டீ கூடச் சரியாகப் போட வராது என்பது படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

சகலையிடம் கேட்டிருந்தால் அரைமணியில் சொல்லிக்கொடுத்திருப்பான். செத்தாலும் கேட்பேனா? வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். முளைகட்டிக் காயவைத்த கோதுமையும் பார்லியும் ஆன்லைனில் தருவித்தேன். தானியம் இரண்டாக, நாலாக உடைந்தால் போதும், மாவாகக் கூடாது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு தானியத்தைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு மாவு மில்லுக்குப் போனேன்.

"இன்னா சார் இது?" என்றார் மில்லுக்கார அம்மா.

வீட்டில் ஊறல் போடுகிறான் என்று போலீசுக்குத் தெரிந்தால் கேஸ்தான். நானோ அரசு வேலையில் இருப்பவன். "சத்துமாவுக்கு. அக்கா பேத்திக்கு" என்றேன். "லேசா உடைச்சா போதும்."

"கொழந்தைக்கா? ஒடச்சாக் கொடுப்பாங்க? தொண்டையில சிக்கிக்கும் சார். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."

வந்து பார்த்தபோது இரண்டு தடவை ஓட்டி, தோல் தங்காமல் சலித்தும் வைத்திருந்தார். பவுடர் மாதிரி இருந்தது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற, நன்றி சொல்லி வாங்கிவந்தேன். நைசாக இருந்தால் சாரம் இன்னும் நன்றாக இறங்கும், சகலையுடையதைவிடத் திடமாக வரும் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு டிரம்மில் அறுபத்தைந்து டிகிரி வெந்நீர் ஊற்றி மாவை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அடிக்குழாயைத் திறந்தால் இனிப்புத் தண்ணீர் வடிய வேண்டும். அதைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால் பீர். குழாயைத் திறந்தேன். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. கம்பி விட்டுக் குத்தினேன், வாய் வைத்து ஊதினேன். அசையவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, களி கிண்டி வெச்சிருக்கீங்க?"

சிரித்ததோடு விடாமல் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் சகலையின் போன்.

"மில்லுல சலிச்சுட்டாங்களா ணா? கோதுமைக்கு உமி கெடையாது. பார்லித் தோலுதான் வடிகட்டும். அதுவே எனக்குப் பத்தாது. நம்ம மாமா ஊட்டு நெல்லு உமியக் கழுவி சேத்துப்பேன்."

உமி. ஒவ்வொரு முறையும் தொண்டூரிலிருந்து அவன் ஒரு மூட்டை உமி காரில் ஏற்றிப் போவான். "பெங்களூருல கோழிப்பண்ணையா?" என்று நான் கேட்க, வீடே சிரிக்கும். அந்த வீட்டில் எடுபட்ட என் ஒரே ஜோக் அது. எதற்கு எடுத்துப் போகிறாய் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.

திரும்பக் காய்ச்ச நாள் இல்லை. பொங்கல் வந்துவிட்டது. வெறுங்கையோடு மாடிப்படி ஏறும்போது சகலை ஒரு துணிப்பையை என் கையில் திணித்தான். உள்ளே ஒரு பாட்டில்.

"உங்களுதுன்னு சொல்லி நீங்களே ஊத்துங்க ணா. நான் இந்த வாட்டி கொண்டாரலன்னு சொல்லிக்கிறேன்."

வேண்டாம் என்றிருக்க வேண்டும். ஊற்றினேன். மாமனார் குடித்துவிட்டு டம்ளரை ஒரு தடவை பார்த்தார்.

"பெரிய மாப்ள, இது சின்னவர்துக்கு ஒரு படி மேல."

"ஆமா மாமா, அண்ணா கை வேற" என்றான் அவன், முகத்தில் ஒரு கேலியும் இல்லாமல்.

இருபது வருடம் நான் காத்திருந்த வார்த்தை. நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் கிளம்பும்போது உமி மூட்டையை நானே தூக்கிப்போய்க் காரில் வைத்தேன். யாரோ கோழிப்பண்ணை என்று ஆரம்பித்தார்கள்; நான் சிரிக்கவில்லை. கெட்டிக்காரனாக இருந்தான், பொறுத்துக்கொண்டேன். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்றுதான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.