பெரியவரு வந்திருக்காரு

எங்கள் வீட்டுக்கு மனிதர்களைவிட மற்றதுகள்தான் அதிகம் வரும். அவிநாசிபாளையத்துக்கு இந்தப் பக்கம், சோளக்காட்டை ஒட்டிய தனி வீடு. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் காய்ச்சிய கஞ்சியை நக்க எருமை வரும். கோழிக்குஞ்சைத் தேடிக் கீரி வரும். வெயில் காலத்தில் அப்பாவின் தறிக்குழியின் குளிர்ச்சிக்கு நல்ல பாம்பு வரும். அதைப் பாம்பு என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். 'பெரியவரு' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் அது தலைகாட்டினால், கதவைச் சாத்திக்கொண்டு, அதற்குக் கேட்கும்படி மரியாதையாகப் போகச் சொல்வாள். எங்கள் பக்கத்தில் பாம்புக்கும் 'ங்க' உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் அப்பா, கொமரலிங்கத்து அப்புச்சி, மூன்று வருடமாக எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மாமன் கல்யாணத்துக்கு அப்பாவை முறையாக வந்து அழைக்கவில்லை என்று ஆரம்பித்த சண்டை. அப்பா போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. பிறகு இரண்டு பக்கமும் வீம்பு. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கைவேலையை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்ப்பாள்.

அன்று அப்பா துணி கொடுக்கத் திருப்பூர் போயிருந்தார். நான் பின்கதவருகே உட்கார்ந்து புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். காட்டு வழியாக ஒரு தலைப்பாகை வந்தது. துவைக்கிற கல்லின்மேல் மஞ்சப்பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றியது. ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. தெரிந்தது. அப்புச்சியேதான்.

என் நாக்கில் சனி. அடுப்படிக்கு ஓடி, "அம்மா, பொடக்காளில பெரியவரு வந்திருக்காரு" என்றேன். பொய்யும் இல்லை பாருங்கள். அம்மா கதவைச் சாத்துவாள், அப்புச்சி தட்டுவார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம் என்று நினைத்தேன்.

அம்மா தாழ்ப்பாளைப் போட்டாள். என்னைக் கட்டிலில் ஏற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எங்களுக்கும் உங்களுக்கும் பகை வேண்டாமுங்க சாமி. கொழந்தை இருக்கற ஊடுங்க. வந்த வழியே போயிருங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உடம்பு குலுங்கியதை நடுக்கம் என்று நினைத்து, "பயப்படாத கண்ணு, போயிருவாரு" என்று முதுகைத் தடவினாள். கதவை யாரும் தட்டவில்லை. அவள் தோளுக்கு மேலாக ஜன்னல் சந்தில் பார்த்தேன். அப்புச்சி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போதாவது கத்தியிருக்கலாம். அம்மா அடிப்பாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இதை நினைத்தால் இந்த வயதிலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே ஆடு கத்திய பிறகுதான் அம்மா கதவைத் திறந்தாள். பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு மஞ்சப்பைக்குள் தலையை விட்டு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தது. அதைத் துரத்திவிட்டுப் பையைப் பார்த்தாள். அடியில் அச்சுவெல்லமும் என் அளவுக்கு ஒரு பாவாடையும் இருந்தன. பாவாடையைக் கையில் பிடித்தபடியே சாலைக்கு ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது.

"அப்புச்சி வந்தாங்களா கண்ணு? நீ பாத்தியா?"

"பெரியவர மட்டுந்தான் பாத்தேனுங்கம்மா."

அப்புச்சி பிறகு வரவே இல்லை. இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். "பெரியவருக்குப் பயந்து திரும்பற ஆளில்ல எங்கப்பன். வாசல் வரைக்கும் வந்தும் உள்ள வர மனசு வரல, அவ்வளவுதான்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற மகளே வராதே என்றுவிட்டாள் என்று அவர் அங்கே யாரிடம் சொன்னாரோ, சொல்லாமலே போனாரோ. அந்தப் பாவாடையை நான் கிழியும்வரை உடுத்தினேன்.

அன்று எனக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. எத்தனை முறை போகச் சொன்னாலும் பாம்பு அடுத்த கோடையில் திரும்பி வந்துவிடும். அப்புச்சியும் அப்படித்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.