மிச்சமிருந்த எட்டு நிமிடங்கள்

“செவ்வாய். புறப்பாடு 7.51. நிறுத்தியது 8.28. இசை முடியவில்லை.” என் கார்ப்பூல் டைரியில் பக்கம் பக்கமாக இப்படித்தான் இருக்கிறது, கிழமை மட்டும் மாறும். தெற்கு சான் ஹோசேயிலிருந்து சான்டா கிளாரா அலுவலகத்துக்கு எங்கள் டீம் லீட்தான் வண்டி ஓட்டுவார். திருச்சிக்காரர். நெரிசல் குறைந்த கார்ப்பூல் லேனில் போக வண்டியில் இரண்டு பேராவது வேண்டும். இரண்டாவது ஆள் நான். வண்டியில் ஒரே ஒரு சிடி: சென்ற நூற்றாண்டில் ஸ்வீடன்காரர் ஒருவர் எழுதிய சிம்பொனி. நடுவில் நிறுத்தமே கிடையாது, ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம்.

“சார், இது மியூசிக்கா, இல்ல வண்டில பெல்ட் தேஞ்சுபோச்சா? மெக்கானிக்கிட்ட காட்டிடலாமா?” என்று முதல் வாரமே கேட்டேன். சிரித்தார். “பொறும்மா. இவ்ளோ அடிபட்டதும் கடைசில அடங்கும் பாரு.” அந்தக் கடைசி எங்களுக்கு வாய்க்கவே இல்லை. பார்க்கிங் வந்ததும் அணைத்துவிடுவார். மாலையில் வழியெல்லாம் சென்னை டீமோடு போன். மறுநாள் விட்ட இடத்திலிருந்து போடலாமே என்றால், “பாதில ஏறினா இதை எழுதின மனுஷன் பட்டது தெரியாதும்மா. முதல்லேர்ந்துதான்” என்பார்.

ஒரு வியாழக்கிழமை, பார்க்கிங்குக்கு வந்த பிறகும் அவர் இசையை அணைக்கவில்லை. “இன்னிக்கு முடியற வரைக்கும் உக்காரேன்மா. எட்டு நிமிஷம்தான்.” “எட்டரைக்கு மீட்டிங் சார், நாளைக்குக் கேக்கலாம்” என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பதினோரு மணிக்கு அவரை அழைத்து வேலை போய்விட்டது என்று சொன்னார்கள். சிடியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விசா கொடுத்த அவகாசத்துக்குள் வேறு வேலை அமையவில்லை. குடும்பத்தோடு ஊர் திரும்பினார்.

இப்போது நான் டீம் லீட். என் வண்டியில் சிடி போட இடமில்லை. அதே இசையைப் போனில் போடுகிறேன். தனி ஆள் என்பதால் சாதாரண லேன். ஒரு மணி நேரம் ஊர வேண்டும். இசை முடிந்த பிறகும் சாலை மிச்சமிருக்கிறது. நேற்றைய குறிப்பு: “புறப்பாடு 7.51. இசை முடிந்தது 8.36, ஃப்ரீவேயில்.” அவர் சொன்னது சரிதான், அடங்குகிறது. அந்த வியாழனின் குறிப்புதான் முழுமையாகவில்லை. வேலை போகிறது என்று காலையிலேயே அவருக்குத் தெரியுமா? ஆறு மணிக்கே மெயில் வந்துவிட்டது என்றார் அலுவலகத்தில் ஒருவர். இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். ஊரிலிருந்து அவர் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார், கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. உறுதி செய்யப்படாதது என்றே எழுதி வைத்திருக்கிறேன்.